சலியெம் வீட்டு மூன்று ஆண்கள்

சோயாவை அவித்து, வாழையிலையில் கட்டிப் புளிக்க வைத்து, தெம்பே என்று ஜாவாவில் எங்கள் வாருஜாஜர் சந்தையில் முப்பது வருஷம் விற்றவள் சலியெம். அவள் தெம்பேயைக் குறை சொன்னவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. அவள் வாயைக் குறை சொல்லாதவரும் இல்லை. அந்த வாய்க்குப் பாதிக் காரணம் அவள் புருஷன்தான் என்று அவளே சொல்வாள்.

கெட்டவன் என்றால்கூடச் சமாளித்திருப்பாள். நல்லவன், அதுதான் தொல்லை. கரும்பாலையில் கரும்பு வண்டித் தண்டவாளத்தை மாற்றிவிடும் வேலை. சத்தமாக ஒரு வார்த்தை பேசமாட்டான். இவள் ஒரு மணி நேரம் கத்தினால் ஒரு மணி நேரமும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "சரி" என்பான். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாற்போல் இருக்கும் அவளுக்கு.

பிறந்தபோது வைத்த பெயர் பொனிமின். கல்யாணத்தன்று மாமனார் வீட்டில் கார்த்தொரெஜோ என்று பெரிய மனுஷப் பெயர் சூட்டினார்கள். எங்கள் பக்கம் எல்லா ஆண்பிள்ளைக்கும் உள்ளதுதான் அது. கல்யாணமான பிறகும் சின்ன வயசுப் பெயரோடு திரிந்தால் ஊர் சிரிக்கும். அதோடு விட்டதா? நாற்பது வயசில் விஷக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்துவிட்டான். வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பேரோட கனம் உடம்பு தாங்கல" என்றார். பெயரை வாலுயோ என்று மாற்றி, வெல்லம் போட்ட சிவப்புக் கஞ்சியும் தேங்காய்ப்பால் வெள்ளைக் கஞ்சியும் கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஊற்றினாள் சலியெம். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் அன்று பிடித்த பைத்தியம் அவனை விடவில்லை. காலில் முள் குத்தினால்கூடப் பெயரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவான்.

"பல்லு வலிக்கு யாராவது பேர மாத்துவாங்களா மனுசா? பல்லப் புடுங்கித் தொலை!"

"இல்ல புள்ள, வாலுயோங்கறது கொஞ்சம் வழுக்குற மாதிரி இருக்கு."

"ஒரு தடவை கஞ்சி கிண்டினதுக்கே எனக்குக் கை வழுக்குது!"

இந்த லட்சணத்தில் ஜப்பான் படை வந்து சேர்ந்தது. நாற்பத்திரண்டாம் வருஷம் மார்ச் மாதம். முதல் கும்பல் சைக்கிளில் வந்தது, நாற்பது பேர் இருக்கும். ஆலையை நடத்திய டச்சுத் துரையை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் பங்களாவில் கொடி ஏற்றினார்கள். ஊரே கைதட்டியது. சலியெமும் தட்டினாள். தட்டிய கையைப் பிற்பாடு கடித்துக்கொள்ளாதவர் யார்?

ஒரு வருஷத்தில் அந்தக் கும்பல் எங்கோ சண்டைக்குப் போனது. அடுத்து வந்தது சட்டக் கும்பல். ஊர்க் கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். டோக்கியோ ஆறு மணி என்றால் எங்களுக்கு நாலரை; ஆறு மணிக்குச் சந்தை என்றால் சேவல்கூட எழுந்திருக்காது. வீட்டுக்கு இத்தனை என்று ஆமணக்கு நடவேண்டும், விமானத்துக்கு எண்ணெய் வேண்டுமாம். ஆலை வாசலில் நிற்கும் சிப்பாயைக் கண்டால் இடுப்பு வளையக் கும்பிட வேண்டும். முதுகில் தெம்பேக் கூடையைத் துணியால் கட்டிக்கொண்டு வளைந்து பார்த்தால் தெரியும் சேதி. கூடை சரிந்து பின்மண்டையில் ஏறி, பொட்டலமெல்லாம் சிப்பாயின் பூட்ஸ்மேல் கொட்டியது. அதற்கும் ஓர் அறை. கும்பிட்டதற்கு அடி வாங்கியவள் ஜாவாவிலேயே தான் ஒருத்திதான் என்று சந்தையில் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டாள்.

அப்புறம் வந்தது கூட்டம் பிரிக்கிற கூத்து. இருபது வீட்டுக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு தலைவர். சலியெம் தெருவுக்குத் தலைவரானார் அத்மோ. பார்த்துப் பார்த்துப் பிடித்தார்கள், நிழலைக் கண்டாலே வியர்க்கிற மனுஷனை. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை ஆண்கள் என்று எழுதிக் கொடு என்றது படை. வீடு வீடாகப் போய்க் கேட்டால் தீர்ந்திருக்கும். அத்மோ போகவில்லை. பழைய வரிப் பட்டியலில் இருந்த பெயர்களை எழுதினார். ஆலைப் பட்டியலில் இருந்ததை எழுதினார். பள்ளிவாசல் பட்டியலில் இருந்ததையும் விடாமல் எழுதினார். சரிபார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து சலியெம் வீட்டுக் கதவில் படைத்தளத்துத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ஆண்கள் மூவர்: பொனிமின், கார்த்தொரெஜோ, வாலுயோ.

சலியெம் நேராக அத்மோ வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஏண்ணே, எனக்கு எத்தனை புருசன்னு ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாதா?"

"கத்தாத தங்கச்சி. தெரியாம நடந்துபோச்சு."

"அப்ப மாத்துங்க."

"முத்திரை குத்திப் போனது. பட்டாளத்துத் தாள் தப்புன்னு நான் போயிச் சொன்னா என் பல்லு மிச்சம் இருக்குமா? நீயே போயிச் சொல்லேன், உனக்குத்தான் அங்க நல்ல பழக்கமாச்சே." அத்மோ குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. அரிசிப் பங்கு ஆள்கணக்குல வருது. மூணு ஆம்பளைப் பங்கு வரும். வந்தா வாங்கிக்க. நம்ம தெருவுல பாதி வீட்டுல இந்தக் கதைதான்."

வந்தது. கல்லும் உமியுமாக, ஆனாலும் அரிசி. சந்தையில் அப்போது அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாது, ஜனங்கள் வாழைத்தண்டைப் பொடியாக அரிந்து வேகவைத்துத் தின்ற காலம். ஊரில் எதற்கெடுத்தாலும் வாய் திறக்கிறவள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டாள். வாரா வாரம் மூன்று பேர் பங்கை வாங்கினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு பிடி கொடுத்தாள் என்பது உண்மை. மிச்சத்தைத் தின்றது அவளும் அவனும்தான் என்பதும் உண்மை.

"தப்பு புள்ள" என்றான் அவன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"தப்புன்னா துப்பு. மூணு பேர வச்சுக்கிட்டது நீ, நானா? இத்தனை வருசத்துல அதால வந்த ஒரே லாபம் இது."

நாலு மாதம் ஓடியது. அறுவடைக்கு முன்னால் ஒரு நாள் அத்மோ ஓட்டமும் நடையுமாக வந்தார். மேற்கே கடலோரத்தில் ரயில் பாதை போடுகிறார்கள், கூலிக்கு ஆள் வேண்டும், மூன்று ஆண்களோ அதற்கு மேலோ உள்ள வீட்டிலிருந்து ஒருவர் நாளை மறுநாள் ரயிலேற வேண்டும். உன் வீட்டிலிருந்து பொனிமின் என்று எழுதி வந்திருக்கிறது என்றார்.

அந்த ரயில் பாதைக்குப் போனவர்களில் ஒருத்தரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். சலியெம் கையிலிருந்த சோயா முறத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"ஒருத்தரை அனுப்பிட்டா வீட்ல யாருண்ணே இருப்பா? சொல்லுங்க. வாசல்ல ஒட்டின தாளா எனக்குத் துணை?"

"நான் என்ன பண்ணட்டும் தங்கச்சி?"

"உங்கள ஒண்ணும் பண்ணச் சொல்லல. நீங்க பண்ணினதே போதும். நடங்க, தளத்துக்குப் போவோம். இந்தா, நீயும் எழுந்திரு!"

படைத்தளமாகிவிட்ட ஆலை அலுவலகத்தில் இருந்தவர் சார்ஜென்ட் இனகாகி. ஆளைப் பார்த்தால் கொடுமைக்காரர் மாதிரி இருக்காது. மூக்குக் கண்ணாடி, மேஜையில் அடுக்கி வைத்த தாள்கள், ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் விரலால் நேர்செய்துகொண்டே இருப்பார். பக்கத்தில் மொழிபெயர்க்க, முன்னாள் வாத்தியார் தர்மாஜி. மூவரும் வளைந்து கும்பிட்டார்கள். சலியெம் கூடை இல்லாமல் போயிருந்ததால் இந்த முறை ஒன்றும் விழவில்லை.

அவள் ஒரே மூச்சில் சொன்னாள். பொனிமினும் இவர்தான், கார்த்தொரெஜோவும் இவர்தான், வாலுயோவும் இவர்தான், வீட்டில் இருப்பது ஒரே ஆம்பளை. தர்மாஜி சொல்லி முடித்ததும் சார்ஜென்ட் தாளை எடுத்து வாசித்தார்.

"பொனிமின்!"

"ஹாய்" என்றான் புருஷன், ஜப்பான்காரர்கள் ஊருக்குப் பழக்கிவிட்ட 'ஆமாம்' அது.

"கார்த்தொரெஜோ!"

"ஹாய்."

"வாலுயோ!"

"ஹாய்."

சார்ஜென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் ஊரில் ஓர் ஆளுக்குப் பிறந்ததிலிருந்து சாகிறவரை ஒரு பெயர்தான் என்றார். அதைத் தர்மாஜி சொல்லிவிட்டு, தன் பங்குக்கு ஏதோ விளக்கினார், இங்கே வழக்கமே இப்படித்தான் என்றிருப்பார். சார்ஜென்ட் அவரையே ஏறஇறங்கப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். தர்மாஜி கையைக் கட்டிக்கொண்டார். "எனக்கும் முந்தி வேற பேருதான், ஐயா." அடுத்த கேள்வி அத்மோவுக்கு. அத்மோவும் தலையை ஆட்டினார்.

சார்ஜென்ட் தாள் கட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். தர்மாஜி மொழிபெயர்க்கும்போது சலியெமின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார்ஜென்ட் கேக்கறாரு, மூணு பேருக்குக் கொடுத்த அரிசிய யாரு தின்னதுன்னு. நிஜமாவே மூணு பேரு இருந்தா ஒருத்தன் ரயிலேறணும், அவ்வளவுதான். ஒரே ஆளுன்னா, நாலு மாசமா பட்டாளத்து அரிசியத் திருடினது யாரு? பங்கு வாங்கினது நீதானாமே. திருட்டுன்னா அவரு விசாரிக்கமாட்டாரு, ராணுவப் போலீசு விசாரிக்கும். ஊருப் பட்டியல் மொத்தத்தையும் எடுத்துப் பாப்பாங்க. யோசிச்சுச் சொல்லும்மா."

ராணுவப் போலீஸ் கட்டிடத்துக்குள் போன பெண்பிள்ளைகளைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். அத்மோ அவள் முழங்கையை இடித்தார். தர்மாஜி கூரையைப் பார்த்தார். அவர்கள் வீட்டிலும் இரண்டு பங்கு, மூன்று பங்கு தின்றவர்கள்தானே. சலியெம் அவர்கள் இரண்டு பேரையும் அந்த இடத்திலேயே அடித்துப் போட்டிருப்பாள். ஆனாலும் தின்றது தின்றதுதான். "நான்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"மூணு பேருதாங்க" என்றான் புருஷன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜென்மத்தில் முதல் தடவையாகச் சத்தமாகப் பேசியிருந்தான்.

"இவளுக்குப் பயத்துல புத்தி தடுமாறிப்போச்சுங்க. வீட்ல மூணு பேரு இருக்கோம். கார்த்தொரெஜோ அண்ணன், வாலுயோ தம்பி. ரெண்டு பேரும் வயலுக்குப் போயிருக்காங்க. கூப்பிடும்போது அவங்களுக்கும் சேர்த்து நானே குரல் கொடுத்துட்டேன், மன்னிக்கணும். நான் பொனிமின். நான் போறேன்."

தர்மாஜி அதை மின்னல் வேகத்தில் மொழிபெயர்த்தார். சார்ஜென்ட் நம்பினாரா என்று யாருக்கும் தெரியாது. தாள் சரியாக இருந்தது, அது போதும் அவருக்கு. பொனிமின் பெயருக்கு எதிரே ஒரு சின்ன வட்டம் போட்டார். அடுத்தவர் சார்பில் குரல் கொடுத்ததற்கு இரண்டு அறை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

ஆலை வாசலைத் தாண்டியதுமே சலியெம் பிடித்துக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்ணின? யாரக் கேட்டுப் பண்ணின? இருபத்திநாலு வருசமா 'சரி'ங்கறதத் தவிர வேற ஒரு வார்த்தை பேசியிருக்கியா நீ? பேசாம இருந்து தொலைக்க வேண்டிய இடத்துலயா வாயத் தொறக்கணும்?"

"உன்னப் புடிச்சிட்டுப் போயிருவாங்க புள்ள."

"போகட்டுமே! தின்னவ நானு!"

"நானும்தான தின்னேன்" என்றான் அவன். கன்னம் வீங்கியிருந்தது. "எனக்கு வேலை செஞ்சு பழக்கம். ஆறு மாசம்னு சொல்றாங்க. வந்துருவேன்."

அவள் வழி நெடுக அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் போனாள். ரயிலடியிலும் அதே கதைதான். மாற்று வேட்டியை மறந்துவிட்டான் என்று திட்டினாள், தெம்பேப் பொட்டலத்தை வெயிலில் வைத்தான் என்று திட்டினாள், வண்டி நகர்ந்தபோது வெளியே தலையை நீட்டாதே என்று கத்தினாள். நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது வண்டி வளைவைத் தாண்டிய பிறகுதான்.

படைத்தளம் அதோடு விட்டுவிடவில்லை. பொனிமின் பெயரை அடித்துவிட்டாலும் தாளில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களே. மழைக்காலத்தில் ஆலையைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்ட, கார்த்தொரெஜோவை வரச்சொல்லி ஆள் வந்தது. சலியெம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு தானே போய் வரிசையில் நின்றாள். பெயர் கூப்பிட்டபோது "ஹாய்" என்றாள். எண்ணிக்கொண்டிருந்த சிப்பாய் அவளை மேலும் கீழும் பார்த்தான், தாளைப் பார்த்தான், தலை எண்ணிக்கை சரியாக இருந்ததால் நகர்ந்துவிட்டான். மறுநாள் வாலுயோவாகப் போனாள். ஒரு நாள் புருஷனின் அண்ணன், ஒரு நாள் தம்பி என்று மூன்று வாரம் மண் வெட்டினாள்.

"மூணு புருசனக் கட்டினவளுக்குக் குழி வெட்ட ஒருத்தன்கூட வரலியாக்கா?" என்று குழியிலிருந்து எவனோ கேலி செய்தான்.

"வாடா, உன்னையும் சேர்த்து நாலாக்கிக்கறேன், நீயும் ரயிலேறு" என்றாள். சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள்.

ஆறு மாதம் ஒரு வருஷமானது. கடைசியில் தளத்துக்கு வந்து சேர்ந்த கும்பல் எலும்பும் தோலுமான கும்பல். அவர்களே பின்கதவு வழியாகத் தெம்பேக்குக் கையேந்தினார்கள். நாற்பத்தைந்தில் ஒரு நாள் திடீரென்று யாரும் யாரையும் அறையவில்லை, கும்பிடச் சொல்லவில்லை. போர் முடிந்துவிட்டது என்றார்கள். சலியெம் கூடையைக்கூட இறக்காமல் ஆலைக்கு ஓடினாள். பொனிமினை எங்கே அனுப்பினீர்கள், எந்த இடம், எந்தப் பிரிவு, அந்தத் தாளில் இருக்குமே, பார்த்துச் சொல்லுங்கள்.

ஆலை முற்றத்தில் தாள்கள் எரிந்துகொண்டிருந்தன. இனகாகி போய் எத்தனையோ மாதமாகியிருந்தது. இருந்த சிப்பாய் கைகளை விரித்தான்.

"நல்லா இருக்குதுய்யா உங்க நியாயம்!" என்று கத்தினாள் அவள். "ஒரு ஆளு இருந்தப்ப மூணுன்னு எழுதினீங்க. இப்ப ஆளும் இல்ல, எழுதினதும் இல்லயா?" அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைகுனிந்து கும்பிட்டான். அந்தக் கும்பிடைப் பார்த்து அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

போனவர்களில் சிலர் திரும்பினார்கள். ஊரிலிருந்து போன பதினேழு பேரில் நாலு பேர். சந்தையில், ரயிலடியில், பள்ளிவாசலில் என்று ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கினாள். பொனிமினைப் பார்த்தீர்களா? பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்பியிருந்த சர்காம் மட்டும் யோசித்துச் சொன்னான்.

"தண்டவாளம் மாத்துறவருதானேக்கா? பார்த்தேனே. ஒரே கொட்டகைலதான் கிடந்தோம். பாதி நாள் அவரு சோத்த எனக்குத் தள்ளிருவாரு."

"இப்ப எங்கடா?"

"அவருக்குக் காய்ச்சல் கண்டுச்சு. பேரு கனமா இருக்கு, மாத்தணும்னாரு. கொஞ்சம் மரவள்ளிக் கஞ்சிய ஆளுக்கு ஒரு வாய் கொடுத்து, இனிமே என்னை இப்படிக் கூப்பிடுங்கன்னாரு. கொஞ்சம் தேறினாப்லதான் இருந்தாரு. அப்புறம் அவங்க பிரிவ வேற இடத்துக்கு மாத்திட்டாங்க."

"என்ன பேருடா அது?"

சர்காம் தலையைச் சொறிந்தான். "மறந்துபோச்சுக்கா. எனக்கும் அப்பக் காய்ச்சல்."

சலியெம் நடுச்சந்தையில் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிரிவில் பிழைத்த ஒருவனை இரண்டு வருஷம் கழித்துத் தேடிப்பிடித்தாள். செத்தவர்கள் பெயரெல்லாம் அவனுக்கு மனப்பாடம், முகம்தான் ஒன்றும் நினைவில்லை. சொல்லச் சொல்லக் கேட்டாள், ஐம்பத்திரண்டு பெயர். அதில் எது புருஷனுடையது என்று எப்படித் தெரியும்? இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

நோன்புக்கு முந்தைய மாதம் எங்கள் ஊரில் எல்லோரும் இடுகாட்டில் கூடி, கூடையில் சோறு வைத்து, இறந்தவர்களுக்குப் பிரார்த்தனை அனுப்புவார்கள். பள்ளிவாசல் மோதினார் ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார். பெயர் தப்பினால் பிரார்த்தனை போய்ச் சேராது. வருஷா வருஷம் அவர் சலியெமைப் பார்ப்பார். வருஷா வருஷம் அவள், "செத்தத நீங்க பாத்தீங்களா?" என்று சண்டைக்குப் போவாள். எட்டு வருஷம் அப்படிப் போயிற்று.

ஒன்பதாவது வருஷம் அவளே சோற்றுக் கூடையோடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். ஊர் சத்தமில்லாமல் இடம் விட்டது.

"பேரச் சொல்லும்மா" என்றார் மோதினார். "கடைசியா இருந்த பேரு. அதுலதான் போயிச் சேரும்."

"தெரியாதுங்க."

"பழைய மூணையும் சொல்லவா?"

"வேணாம். அதெல்லாம் அவரு கழட்டிப் போட்டது. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கமாட்டாரு. அந்த மனுசனப் பத்தி எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது, உடைந்ததற்காகவே ஆத்திரமும் வந்தது. "சலியெம் புருசன்னு சொல்லுங்க. அத மட்டும் அவரு மாத்தல."

அப்படி ஒரு பெயரில் மோதினார் யாருக்கும் பிரார்த்தித்ததில்லை. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அப்படியே சொன்னார்.